பாக்கின் ஈ மேஜர் பார்ட்டிட்டா: வரலாறு படித்தால் வில் மாறுமா?

மூணாங்கம்பி (கேள்வி)

வணக்கம். தனி வயலினுக்கு பாக் எழுதிய ஆறு படைப்புகளில் கடைசியான ஈ மேஜர் பார்ட்டிட்டாவிலிருந்து (நடனத் துண்டுகளின் தொகுப்பு) லூர், கவோத் ஆன் ரோந்தோ, இரண்டு மினுவெட் ஆகிய நடனங்களை டிப்ளமோ தேர்வுக்கு எடுத்திருக்கிறேன். சுருதி பரவாயில்லை, மெட்ரோனோமோடு பிசகாமல் போகிறது. ஆனால் ஆசிரியர் ஒவ்வொரு வகுப்பிலும் சொல்வது, "எட்யூட் (பயிற்சித் துண்டு) மாதிரி இருக்கு, ஆட்டம் இல்லை. கொஞ்சம் வரலாறு படிச்சுட்டு வா."

படித்தேன். 1685இல் ஐசனாக்கில் பிறந்தார், 1717 முதல் 1723 வரை கோத்தன் அரசவையில் இருந்தார், கைப்பிரதியில் 1720 என்று எழுதியிருக்கிறார். வாய்மொழிக் கேள்விக்கு இதெல்லாம் ஆகும். என் வலது கைக்கு இதில் என்ன இருக்கிறது என்பதுதான் புரியவில்லை.

குறிப்பாகச் சில சந்தேகங்கள். கவோத்தின் தொடக்கம் எப்போதும் கனமாக விழுகிறது, கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் பல சுரங்கள்) கரகரக்கின்றன. லூரில் ட்ரில்லை (அடுத்தடுத்த இரு சுரங்களை வேகமாக மாற்றி மாற்றி வாசிக்கும் அலங்காரம்) எந்த நோட்டில் தொடங்குவது? வைப்ரேட்டோ (விரலை ஆட்டிச் சுரத்தை அதிரவைப்பது) வேண்டுமா, வேண்டாமா? சுருதியை 440 ஹெர்ட்ஸிலிருந்து 415க்கு இறக்கிச் சாதகம் செய்தால் பயன் உண்டா? என்னிடம் இருப்பது சாதாரண வயலின், சிந்தெடிக் கம்பிகள், ஈ மட்டும் ஸ்டீல். பாக் காலத்துப் பரோக் பாணி வில் வாங்க இப்போது வழியில்லை.

தாளக்கட்டு

பிறந்த தேதி வில்லை மாற்றாது. அந்த நடனத்தில் கால் எப்போது தரையில் இறங்குகிறது என்பது கட்டாயம் மாற்றும். உங்கள் ஆசிரியர் கேட்பது அந்த வரலாற்றை என்று நினைக்கிறேன்.

கவோத்திலிருந்து ஆரம்பிக்கலாம், உங்கள் சிக்கல் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. கவோத் பாரின் (தாளக் கட்டத்தின்) நடுவில் தொடங்கும் நடனம். பாருக்கு இரண்டு மினிம் (ஒவ்வொன்றும் இரண்டு க்ராட்செட் நீளம்). முதலில் வரும் இரண்டு க்ராட்செட்டும் தூக்கு, அதாவது முதல் துடிப்புக்கு முன்னால் வரும் எடையற்ற நோட்டுகள். அடுத்த பாரின் முதல் துடிப்பில்தான் எடை விழ வேண்டும். பாரின் முதல் துடிப்புக்கு டவுன்-போ (வில்லைப் பிடிமுனையிலிருந்து நுனி வரை இழுப்பது; அப்-போ அதற்கு எதிர்) என்பது இசையமைப்பாளர் லுல்லியின் பிரெஞ்சு இசைக்குழு வழக்கம். 1698இல் இசையமைப்பாளர் கியோர்க் முஃபாட் அதை விதிகளாகவே எழுதி வைத்தார். அதன்படி தனித்தனி வில்லில் பின்னோக்கிக் கணக்கிட்டால், உங்கள் முதல் தூக்கு நோட்டுக்கும் டவுன்-போதான் வரும். ஃப்ராக் (வில்லின் பிடிமுனை) அருகே வைத்து டவுன்-போ இழுத்தால் அது கனமாக விழாமல் என்ன செய்யும்?

இரண்டு வழி உண்டு. வில்லின் நடுவிலிருந்து, சுமார் பத்து சென்டிமீட்டர் மட்டும் செலவழித்து லேசான டவுன்-அப் போட்டு, முதல் துடிப்புக்கு டவுனில் இறங்கலாம். அல்லது இரண்டு தூக்கையும் இரண்டு அப்-போவாக, இடையில் சற்றே நிறுத்தி எடுக்கலாம். இரண்டாவது வழியில் ஃப்ராக்கை நோக்கி வருகிறீர்கள், பாரின் தலையில் வரும் கார்டுக்குக் கை தயாராக இருக்கும். நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

இன்னொன்று. வாக்கியம் பாரின் நடுவில் தொடங்கினால் முடிவதும் பாரின் நடுவில்தான். பார்கோட்டில் மூச்சு விடாதீர்கள். பென்சிலால் ஒவ்வொரு வாக்கிய முடிவிலும், பாரின் நடுவில், ஒரு காற்புள்ளி போடுங்கள். எட்யூட் வாடையில் பாதி இதிலேயே போய்விடும். வேகம் மினிமுக்கு 70 முதல் 78 வரை வைக்கலாம். மெட்ரோனோம் க்ராட்செட்டுக்கு அடிக்க வேண்டாம். நாலு சம எடை காதில் விழுந்தால் கையும் நாலு சம எடை போடும்.

மினுவெட்டில் அடவு ஒரு பாரில் முடிவதில்லை. அடிப்படை அடவு ஒன்றுக்கு இரண்டு பார், அதாவது ஆறு க்ராட்செட். பாருக்குப் பார் "ஒண்ணு-ரெண்டு-மூணு" என்று அழுத்தினால் வால்ட்ஸ் ஆகிவிடும். இரண்டு இரண்டு பாராகச் சேர்த்து, முதல் பாருக்கு எடை, இரண்டாவது அதிலிருந்து தளர்வு என்று வாசியுங்கள். அதற்காக முதல் பார் எப்போதும் கனம் என்று சட்டம் போட்டுக்கொள்ள வேண்டாம். அமைவு (வாக்கியம் முடியும் இடம்) நெருங்கும்போது கணக்கு மாறும். இரண்டாம் மினுவெட்டில் ஒரு சுரம் தம்புரா போல நீண்டு நிற்கும் இடத்தில் அந்த அடிநாதத்துக்கு அழுத்தம் தராதீர்கள், மேல் குரல் மட்டும் நடக்கட்டும். பிறகு முதல் மினுவெட்டுக்குத் திரும்பும்போது உள் மறுவாசிப்புகளை விட்டுவிடுவதே பொது வழக்கம்.

லூர் 6/4. ஆறாக எண்ணினால் செத்துவிடும். பாருக்கு இரண்டு பெரிய துடிப்பு. ஒவ்வொன்றிலும் புள்ளி வைத்த நோட்டு நீண்டு நிற்க, அதைத் தொடரும் க்வேவர் (அரை க்ராட்செட்) தாமதமாகவும் லேசாகவும் அடுத்ததில் போய்ச் சேர வேண்டும். அந்தக் க்வேவருக்கு வில்லை வீணாக்கினால் நொண்டும்.

ஏட்டுச்சுவடி

தாளக்கட்டு நடனத்தைச் சொல்லிவிட்டார். நான் நோட்டுப் புத்தகத்தைப் பற்றிப் பேசுகிறேன். பலர் பாக் போட்ட ஸ்லர் (நோட்டுகளை ஒரே வில்லில் சேர்த்து வாசிக்கச் சொல்லும் கோடு) என்று நம்பி வேறு யாரோ போட்டதை மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

இந்த ஆறு படைப்புகளுக்கும் பாக்கின் சொந்தக் கையெழுத்துப் பிரதி இருக்கிறது, பெர்லின் அரசு நூலகத்தில். செல்லோ சூட்டுகளுக்கு அந்தப் பாக்கியம் இல்லை, அவர் மனைவி அன்னா மக்டலேனா உள்ளிட்டோர் எடுத்த பிரதிகளை வைத்துத்தான் செல்லோக்காரர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள். வயலினுக்கு 1720 பிரதியை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். முதல் அச்சு 1802இல், பான் நகரில் சிம்ராக் பதிப்பகம். 1843இல் வயலின் கலைஞர் ஃபெர்டினாண்ட் டேவிட் பதிப்பு, 1908இல் வயலின் கலைஞர் யோவாக்கிமும் மோசரும் செய்த பதிப்பு. ஒவ்வொருவரும் தங்கள் காலத்து வில்லுக்கும் அரங்குக்கும் ஏற்ப விரலும் ஸ்லரும் சேர்த்தார்கள். அவற்றில் தவறில்லை, ஆனால் அவை 19ஆம் நூற்றாண்டின் தீர்வுகள்.

செய்ய வேண்டியது: உர்டெக்ஸ்ட் பதிப்பு (மூலத்தை ஒட்டியது) ஒன்றையும் கைப்பிரதியையும் பக்கத்தில் வைத்து, கவோத்தின் முதல் பக்கத்தை மட்டும் ஒப்பிடுங்கள். உங்கள் தாளில் இருந்து அங்கே இல்லாத ஸ்லர்களுக்குச் சிவப்பு. அங்கே இருந்து உங்கள் தாளில் இல்லாதவற்றுக்கு நீலம். சிவப்பை எல்லாம் உடனே அழிக்க வேண்டியதில்லை. எது ஏன் சேர்க்கப்பட்டது என்று ஊகித்த பிறகு வைத்துக்கொள்வதா என்று முடிவெடுங்கள். பெரும்பாலும் பெரிய அரங்கில் சத்தத்தைத் தாங்கவோ, வில்லை வசதியான பக்கத்துக்குக் கொண்டுவரவோ சேர்த்திருப்பார்கள். சில இடங்களில் பாக்கின் ஸ்லர் எந்த நோட்டில் தொடங்குகிறது என்று கைப்பிரதியிலேயே தெளிவாக இருக்காது. அங்கே அதே உருவம் வேறெங்காவது திரும்ப வருகிறதா என்று பார்த்துத் தீர்மானிக்கலாம்.

இதைவிடப் பெரிய உதவி ஒன்று இந்தப் பார்ட்டிட்டாவுக்கு மட்டும் கிடைக்கிறது, பலர் கண்டுகொள்வதே இல்லை. 1730களின் நடுவில் பாக் இதை முழுவதுமாக இரண்டு வரிசையில், கீழ்க்குரல் சேர்த்துத் திருப்பி எழுதினார். பாக் படைப்புப் பட்டியலில் அதன் எண் 1006ஏ. எந்த வாத்தியத்துக்கு என்று அவர் எழுதவில்லை, இன்று லூட் வடிவம் என்று அழைக்கிறோம். (முதல் பகுதியான பிரெலூடியோவை 29ஆம் எண் கான்டாட்டா என்ற பாடல் படைப்பில் ஆர்கன், டிரம்பெட், டிம்பனியோடு மறுபடி பயன்படுத்தியது தனிக்கதை.) வயலினில் நீங்கள் ஊகிக்க வேண்டிய பேஸ் (கீழ்க்குரல்) அங்கே அவர் கையாலேயே இருக்கிறது!

லூரின் முதல் எட்டு பாருக்கு அந்தப் பேஸை மட்டும் எடுத்து உங்கள் தாளில் வயலின் வரிக்குக் கீழே சின்னதாக எழுதுங்கள். யாரையாவது பியானோவில் அதை வாசிக்கச் சொல்லி மேலே நீங்கள் வாசியுங்கள், ஆள் இல்லையென்றால் போனில் பதிந்துகொள்ளுங்கள். பேஸ் நகரும் இடத்தில் வில்லுக்கு எடை, நிற்கும் இடத்தில் ஓட்டம். பேஸோடு மேல் சுரம் உரசும் இடம் எல்லாம் சாய்வு, தீரும் இடம் எல்லாம் தளர்வு. எங்கே உரக்க, எங்கே மெல்ல என்று பாக் இந்த மூன்றிலும் எழுதித் தரவில்லை. அதைச் சொல்வது இந்தப் பேஸ்தான்.

வில்லாளன்

கார்டு கரகரப்புக்கும் வரலாற்றுக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இன்று நம் கையில் இருப்பது 1780களில் பாரிஸில் ஃபிரான்சுவா தூர்த் நிலைப்படுத்திய வில் வடிவம்: 74-75 செ.மீ. நீளம், உள்நோக்கி வளைந்த குச்சி, எடை சுமார் 60 கிராம். நுனி வரை ஒரே சத்தத்தை இழுக்கவும், வைத்தவுடன் கம்பியைக் கவ்வவும் உருவானது. 1720இல் இருந்தது குட்டையானது, இன்னும் இலேசானது. குச்சி நேராக அல்லது சற்று வெளிநோக்கி இருக்கும், முனை தாழ்ந்திருக்கும். நுனிக்குப் போகப் போகச் சத்தம் தானாகக் குறையும். லியோபோல்ட் மோட்சார்ட் (இசையமைப்பாளர் மோட்சார்ட்டின் தந்தை) 1756இல் எழுதிய வயலின் நூலில், ஒவ்வொரு வில்வீச்சின் தொடக்கத்திலும் ஒரு சிறு மென்மை இருக்கும் என்கிறார். அந்த மென்மை நம் வில்லில் தானாக வராது, கைதான் செய்ய வேண்டும்.

பரோக் வில் இல்லாமலே செய்து பார்க்க: வழக்கமான பிடியிலிருந்து 4-5 செ.மீ. மேலே, குச்சியிலேயே பிடியுங்கள். முனையின் எடை கையில் குறைந்துவிடும். நடுப்பகுதியில் 25-30 செ.மீ. மட்டும் பயன்படுத்தி முதல் மினுவெட்டை முழுக்க வாசியுங்கள். ஒவ்வொரு நோட்டும் ஒலித்துத் தேய்வதைக் காது பிடித்துக்கொண்ட பிறகு, பழைய பிடிக்குத் திரும்பி அதே ஒலியைத் தேடுங்கள். இந்தப் பிடி காதுக்கான பாடம். தேர்விலும் அப்படியே பிடித்தால் கவோத்தின் கார்டுகளுக்குத் தேவையான பிடிமானம் கிடைக்காது. முடியைத் தளர்த்தி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், உள்வளைந்த குச்சி உடனே கம்பியில் உரசும்.

இப்போது கார்டு. மூன்று கம்பியையும் கடைசி வரை சேர்த்துப் பிடித்து வைக்க அழுத்துகிறீர்கள் என்று தோன்றுகிறது, கரகரப்பு அங்கிருந்துதான். தாளில் எல்லா நோட்டும் ஒரே நீளத்தில் எழுதியிருப்பது குரல்களின் போக்கைக் காட்ட. எல்லாவற்றையும் அத்தனை நேரம் இழுக்கச் சொல்லவில்லை. பாக் ஆய்வாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் போன்றவர்கள், பாக் காலத்து வில் நாலு கம்பியையும் ஒரே நேரத்தில் தொட்டது என்று நம்பினார்கள். 20ஆம் நூற்றாண்டில் அதற்கென்றே வில்லாய் வளைந்த ஒன்றைச் செய்து இசைத்தட்டுகூட வந்தது. பாக் காலத்திலிருந்து அப்படி ஒரு வில் கிடைத்ததில்லை.

ஆக, கீழ் இரண்டு கம்பியை நடனத் துடிப்பின் மேலேயே வைத்து, உடனே மேலே உருட்டி, மெட்டு இருக்கும் குரலில் நில்லுங்கள். துடிப்புக்கு முன்னால் பேஸை வைக்கும் வழியும் பலரிடம் உண்டு. நடனத்தில் அது காலை இடறுகிறது என்பது என் கருத்து. தொடுமிடத்தைப் பாலத்திலிருந்து ஒரு செ.மீ. விரல்பலகைப் பக்கம் நகர்த்துங்கள். அங்கே நடுக்கம்பி எளிதாக அமுங்கும், குறைந்த அழுத்தத்தில் மூன்றும் பேசும். முழங்கையின் உயரம் நடுக்கம்பிக்கு. மேலிருந்து குத்தாமல், முடி கம்பியில் உட்கார்ந்த பிறகு இழுங்கள்.

ஸ்டீல் ஈ கம்பி கார்டின் உச்சியில் விசிலடித்தால் பயப்பட வேண்டாம். திறந்த ஈ கம்பி குறுக்கே அதிர்வதற்குப் பதிலாகத் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு அதிரும்போது வரும் சத்தம் அது. சுற்றுக்கம்பி போட்ட ஈ வாங்கினால் பெரும்பாலும் நிற்கும்.

மூணாங்கம்பி

மூவருக்கும் நன்றி. இரண்டு அப்-போ வழியை முயன்றேன், தொடக்கம் உடனே இலேசாகிவிட்டது. வைப்ரேட்டோவைக் குறைத்ததும் இன்னொரு தொல்லை: ஜி ஷார்ப் சில இடத்தில் சரியாகவும் சில இடத்தில் கூடுதலாகவும் கேட்கிறது. விரல் அதே இடத்தில்தான் விழுகிறது. தேர்வாளர் அபசுரம் என்று எடுத்துக்கொள்ள மாட்டாரா?

ஏழாம் நிலை

விரல் அதே இடத்தில் விழுவதால்தான் அப்படிக் கேட்கிறது. மெட்டில் ஏ-வை நோக்கிப் போகும் ஜி ஷார்ப் சற்று மேலே இருந்தால் காது விரும்பும். ஈ-யோடு சேர்ந்து இரட்டைக் கம்பியில் ஒலிக்கும் ஜி ஷார்ப்புக்கு, பியானோவின் மேஜர் தேர்டைவிட (ஈ-யிலிருந்து ஜி ஷார்ப் வரையான இடைவெளி) சுமார் 14 சென்ட் (அரைச்சுரத்தின் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) கீழே இருந்தால்தான் அதிர்வு அடங்கும். வைப்ரேட்டோ இந்த வித்தியாசத்தை மூடி மறைத்துக்கொண்டிருந்தது. கவோத்தில் தேர்ட் வரும் இரட்டைச் சுரங்களை எல்லாம் தனியே எடுத்து, திறந்த ஈ-யோடு மெதுவாக ஒத்துப் பாருங்கள்; பிறகு மெட்டாகத் தனியே. இரண்டு இடம் என்று விரலுக்குத் தெரிய வேண்டும்.

வைப்ரேட்டோ கூடவே கூடாது என்பதும் வரலாறு அல்ல. 1751இல் லண்டனில் வயலின் கலைஞர் ஜெமினியானி அதை முடிந்த அளவு அடிக்கடி பயன்படுத்தச் சொன்னார். ஐந்தே வருடம் கழித்து லியோபோல்ட் மோட்சார்ட், ஒவ்வொரு நோட்டிலும் நடுங்குபவர்களைக் காய்ச்சல்காரர்களோடு ஒப்பிட்டுக் கண்டித்தார். கண்டித்தார் என்றால் அப்படி வாசித்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்? இருவருக்கும் பொதுவானது, அதை ஒரு அலங்காரமாகப் பார்த்தது. இடைவிடாத வைப்ரேட்டோ பொதுவழக்கமானது 20ஆம் நூற்றாண்டில். 1831இல் பிறந்த யோவாக்கிம் 1903இல் பதிந்த இசைத்தட்டில் ஜி மைனர் சொனாட்டாவின் அடாஜியோவும் பி மைனர் பார்ட்டிட்டாவின் போரேவும் இருக்கின்றன. எவ்வளவு சிக்கனமாகக் கையை ஆட்டுகிறார் என்று கேளுங்கள். கூடவே விரலை வழுக்கும் போர்ட்டமென்டோவும் கேட்கும். அவரைப் பின்பற்றினால் பரோக் ஆகிவிடாது.

உங்களுக்கு என் யோசனை: கார்டிலும் க்வேவரிலும் வேண்டாம். லூரின் நீண்ட நோட்டுகளில், வில் வீங்கும் இடத்தில் குறுகலாக ஆரம்பித்து, வில் தளரும்போது நிறுத்துங்கள்.

ட்ரில் மேல் நோட்டிலிருந்து, துடிப்பின் மேல். இதே 1720இல் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்காகத் தொடங்கிய பயிற்சி நோட்டில் பாக் ஒரு அலங்காரப் பட்டியல் எழுதியிருக்கிறார்; ட்ரில் அங்கே மேல் நோட்டில்தான் தொடங்குகிறது. அமைவு ட்ரில்லில் அந்த மேல் நோட்டு பேஸோடு உரசும். அந்த உரசலைக் கேட்க விடாமல் உடனே படபடவென்று அடிப்பதுதான் பொதுவான பிழை. மதிப்பில் மூன்றில் ஒரு பங்காவது அதில் சாய்ந்து, பிறகு மெதுவாகத் தொடங்கி வேகமெடுங்கள். லூரில் நாலைந்து அடி போதும். இரட்டைக் கம்பியில் ட்ரில் வந்தால் கீழ்க்குரலை முதலில் விட்டுவிடலாம், மெட்டு அறுபடாது.

சுருதிக்கட்டை

415 பற்றி யாரும் சொல்லவில்லை. பாக் காலத்து ஜெர்மனியில் ஊருக்கு ஊர், ஆர்கனுக்கு ஆர்கன் சுருதி வேறு. 415 என்பது இன்றைய கலைஞர்கள் வசதிக்காக ஒப்புக்கொண்ட அளவு, 440ஐவிட அரைச்சுரம் கீழே. உங்கள் சிந்தெடிக் கம்பிகளை 415க்கு இறக்கினால் இழுவிசை சுமார் 11 சதவீதம் குறையும். 440க்கென்று செய்த கம்பி தொய்ந்து, வில் பட்டதும் சுருதி ஒரு கணம் மேலேறி இறங்கும். கர்நாடக வயலினுக்கு ஸ-ப-ஸ-ப என்று இறக்கிச் சேர்ப்பவர்களுக்கு இந்தத் தொய்வு பழக்கமானது. அவர்கள் வில்லழுத்தத்தையும் அதற்கேற்பக் குறைத்தே வைத்திருப்பார்கள்.

தேர்வுக்கு முன் இறக்கி ஏற்ற வேண்டாம், கம்பி நிலைப்பட நாளாகும், விரல் பழக்கமும் குழம்பும். குடல் கம்பியும் இப்போது வேண்டாம். சென்னை ஈரப்பதத்தில் ஒரே வாசிப்புக்குள் சுருதி நகரும், மெல்லிய ஈ சீக்கிரம் பிரிந்து அறும். அதற்குச் செலவழிப்பதை ஒரு நல்ல உர்டெக்ஸ்ட் பதிப்புக்குச் செலவழியுங்கள்.

மூணாங்கம்பி

கடைசியாக ஒன்று. கவோத்தில் பல்லவி மாதிரி அதே எட்டு பார் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் மாற்ற வேண்டுமா?

தாளக்கட்டு

ரோந்தோவில் பல்லவி என்பது வீடு. ஒவ்வொரு முறையும் வேறு வேஷம் போட்டால் வீடு திரும்பிய உணர்வே போய்விடும். வேகத்தையும் அடிப்படை வில்லையும் மாற்றாதீர்கள். மாற வேண்டியது அதற்கு முன் வரும் சரணங்கள்தான். அவை ஆதார சுரம் மாறி வேறிடம் போகின்றன, போன தூரத்தைப் பொறுத்துத் திரும்பும் பல்லவியின் நிறம் தானாக மாறும்.

வேண்டுமானால் மூன்றாவது முறை சற்று மெலிதாகவும், கடைசி முறை அமைவுக்கு முன்னால் ஒரு சின்ன அப்பொஜியாட்டுராவோடும் (சாய்வுச் சுரம்) வாசிக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். ஒவ்வொரு சரணத்தின் கடைசி இரண்டு பாரையும் பல்லவியின் முதல் இரண்டு பாரையும் மட்டும் வெட்டியெடுத்து, அந்த இணைப்பை மினிம் 60இல் சாதகம் செய்யுங்கள். சரணம் முடிந்து தூக்கு நோட்டுக்கு வருவதற்குள் வில்லைத் தவறான பக்கத்தில் மாட்டிக்கொள்வது அங்கேதான் நடக்கும். எந்த இணைப்பிலாவது தூக்கு நோட்டு டவுன்-போவில் சிக்கினால், சரணத்தின் கடைசி நோட்டை டவுன்-போவில் முடிக்கும்படி இரண்டு நோட்டுக்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள், தாளிலும் குறித்துவிடுங்கள்.